இழை, பொடி, ரெசின்: வாசகர் கேள்விகள்

3டி பிரிண்டிங்கில் பயன்படும் பொருட்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டார். வந்த கடிதங்களில் பாதி, “எந்த மெஷின் வாங்கலாம் மேடம்?” ரகம். அதைச் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பிளாஸ்டிக் ஆள். கேபிள் கம்பெனி பரிசோதனைக் கூடத்தில் ஆரம்பித்து, ஃபிலமென்ட் (பிரிண்டருக்குள் போகிற பிளாஸ்டிக் இழை) இழுக்கும் எக்ஸ்ட்ரூடர் மெஷின் பக்கத்தில் நின்றே தலை நரைத்தவள். மெஷின் எதுவானாலும் அதற்குள் போகிற சரக்கு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): பையன் லீவில் பிஎல்ஏ ஃபிலமென்ட்டில் காருக்கு ஒரு மொபைல் ஸ்டாண்ட் அடித்துக் கொடுத்தான். மே மாதத்தில் ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து காரைத் திறந்தால் ஸ்டாண்ட் வளைந்து தொங்குகிறது. டப்பாவில் 190 முதல் 220 டிகிரி என்று போட்டிருக்கிறது. காருக்குள் அவ்வளவு சூடா?

பதில்: அவ்வளவு சூடு இருந்தால் கார் சீட்டே மிஞ்சியிருக்காது சார். டப்பாவில் இருப்பது, இழையை உருக்கி வெளியே விடுகிற நாசிலுக்கான எண். உங்கள் ஸ்டாண்டைக் கவிழ்த்தது அதில் அச்சிடாத இன்னோர் எண்: 60.

பிஎல்ஏ என்பது பாலிலாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலத்தை, பெரும்பாலும் மக்காச்சோள மாவின் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுத்து, ஒன்றோடு ஒன்று கோத்து நீளச் சங்கிலியாக்கியது. உருகுநிலை 150 முதல் 180 டிகிரி செல்சியஸ். ஆனால் அதற்கு வெகு முன்பே, 55 முதல் 60 டிகிரிக்குள், கிளாஸ் டிரான்சிஷன் என்று நாங்கள் சொல்கிற மாற்றம் நடந்துவிடும். அதற்குக் கீழே சங்கிலிகள் கிடந்த இடத்தில் உறைந்து கிடக்கும். பொருள் விறைப்பாக இருக்கும். அதைத் தாண்டியதும் சங்கிலியின் சிறுசிறு துண்டுகள் அசைய இடம் கிடைத்துவிடுகிறது. உருகி ஓடாது. ஆனால் ஒரு செல்போனின் பாரத்துக்கே வளைந்து கொடுக்கும். கண்ணாடி ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு நம் ஊர் மே மாதத்தில் 70 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

மாற்றுச் சரக்கு? பெட்ஜி 80 டிகிரி வரை தாங்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பெட்தான். சங்கிலியில் எத்திலீன் கிளைக்கால் வர வேண்டிய சில இடங்களில் மட்டும் சைக்ளோஹெக்சேன் வளையம் கொண்ட பருமனான ஆல்கஹால் ஒன்றைச் செருகியிருப்பார்கள். அந்த வளையம் இடிப்பதால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிப் படிகமாக முடியாது. அதனால்தான் கண்ணாடிபோல் தெளிவாகவும் இருக்கிறது, பிரிண்ட் பண்ணும்போது அதிகம் சுருங்குவதும் இல்லை.

காருக்கு என்றால் நான் ஏஎஸ்ஏ சொல்வேன். இது ஏபிஎஸ் என்ற ரப்பர் கலந்த பிளாஸ்டிக்கின் தம்பி, 100 டிகிரி அருகே வரை நிற்கும். ஏபிஎஸ்ஸில் இருக்கும் பியூட்டடையீன் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை வெயில் கடித்துத் தின்னும். நாள்பட மஞ்சளித்து வெடிக்கும். ஏஎஸ்ஏவில் அந்த ரப்பருக்குப் பதில் இரட்டைப் பிணைப்பில்லாத அக்ரிலேட் ரப்பர்.

பையன் ஆராய்ச்சிக்காரன் என்றால் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். பிஎல்ஏ உருப்படியை நைசான உப்புத்தூளில் புதைத்து, ஓவனில் 100 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல ஆறவிட்டால் உள்ளே படிகங்கள் வளரும். பிறகு 60 டிகிரி வந்தாலும் அந்தப் படிகங்கள் சட்டகத்தைப் பிடித்து நிறுத்தும். அளவு கொஞ்சம் சுருங்கும், அதற்குத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். சமையலறை ஓவன் என்றால் அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகி): பிஎல்ஏ மக்கும் என்று விளம்பரம். தென்னந்தோப்பு எருக்குழியில் போட்டு வைத்தேன். மழைக்காலம் போய்த் திரும்ப வந்தும் அப்படியே இருக்கிறது. ஏமாற்றா?

பதில்: பாதி உண்மை, மீதி விளம்பரம். பிஎல்ஏவை நுண்ணுயிர் நேராகத் தின்னாது. முதலில் தண்ணீர் உள்ளே புகுந்து, சங்கிலியின் கண்ணிகளைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை அறுக்க வேண்டும். சங்கிலி துண்டுதுண்டாகிச் சிறிதான பிறகுதான் பாக்டீரியாவுக்கு வாயில் நுழையும். மேலே சொன்ன 60 டிகிரிக் கதைதான் இங்கேயும்: உறைந்து கிடக்கும் சங்கிலிகளுக்கு நடுவே தண்ணீர் புகுவது மகா மெதுவாக நடக்கிறது. “கம்போஸ்ட் ஆகும்” என்று முத்திரை வாங்க ஐரோப்பாவின் ஈஎன் 13432 விதிப்படி நடக்கும் சோதனை 58 டிகிரிக்கு அருகில். அந்தச் சூட்டில், ஆறு மாதத்துக்குள், 90 சதவீதக் கார்பன் கரியமில வாயுவாக மாறிக் காட்ட வேண்டும். தொழிற்சாலை அளவில் குவித்துக் கிளறும் உரக்கிடங்கில் அந்தச் சூடு வாரக்கணக்கில் நிற்கும். உங்கள் குழியில் நிற்காது. என் மொட்டைமாடித் தொட்டியில் புதைத்த சாவிக்கொத்துப் பொம்மையும் இன்னும் கழுவி வைத்தாற்போலத்தான் இருக்கிறது.

ஆபரேஷன் தையல் மட்டும் உடம்புக்குள் கரைகிறதே என்று கேட்பீர்கள். அந்த நூலில் லாக்டிக் அமிலம் சிறு பங்கு. பெரும்பங்கு அதன் உறவான கிளைக்காலிக் அமிலம். அது தண்ணீரை எளிதாக உள்ளே விடும். அதனால் 37 டிகிரியிலேயே இரண்டு மாத அளவில் கரைந்துவிடுகிறது.

குழியிலிருந்து எடுத்துவிடுங்கள். நெகிழித் துண்டோடு எருவைத் தோப்பில் இறைக்க வேண்டாம்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி வாசகர்): ஐப்பசி பிறந்தால் என் பிரிண்டர் “சட சட” என்று பொரிய ஆரம்பிக்கிறது. உருப்படி முழுக்க நூல் நூலாகத் தொங்குகிறது. நாசில் மாற்றிவிட்டேன், சரியாகவில்லை.

பதில்: நாசில் பாவம். அந்தச் சத்தம் ஃபிலமென்ட் குடித்த ஈரம் 200 டிகிரியில் ஆவியாக வெடிக்கிற சத்தம். வெளியே வருகிற இழையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பளபளப்புப் போய், சின்னச் சின்னக் குமிழிகளோடு நுரைத்திருக்கும்.

குமிழியைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாது. பிஎல்ஏ, பெட்ஜி இரண்டும் பாலியெஸ்டர், அதாவது எஸ்டர் பிணைப்பால் கோத்த சங்கிலி. உருகிய நிலையில் தண்ணீர் அவற்றின் சங்கிலியை அறுக்கிறது. உருகிய பாலிமரின் பாகுத்தன்மை சங்கிலி நீளத்தின் ஏறத்தாழ 3.4 மடி அடுக்கில் மாறும் என்பது எங்கள் துறையின் பழைய விதி. கணக்குப் போட்டால், சராசரி நீளம் பாதியாகும்போது பாகுத்தன்மை பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும். அப்புறம் நாசிலிலிருந்து வடியாமல் என்ன செய்யும்? பாட்டில் முன்வடிவம் வார்க்கும் ஆலைகளில் பெட் குருணையைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் குறைவான ஈரத்துக்கு உலர்த்திய பிறகே ஹாப்பரில் விடுவார்கள். வீட்டில் அத்தனை கெடுபிடி வேண்டாம். ஆனால் மழைக்காலத்தில் ரீலைத் திறந்து மாட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பிஎல்ஏவை 45, 50 டிகிரியில் உலர்த்துங்கள். 60 ஆனால் சுருளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெட்ஜிக்கு 65. நைலானுக்கு 75, 80 டிகிரியில் ராத்திரி முழுக்க. உலர்த்திய கையோடு காற்றுப் புகாத அரிசி டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. சிலர் மைக்ரோவேவில் வைக்கிறார்கள். வேண்டாம், ஒரு பக்கம் உருகி மறு பக்கம் ஈரமாகவே இருக்கும். இன்னொன்று: உலர்த்தினால் ஈரம்தான் போகும். ஏற்கெனவே ஈரத்தோடு உருக்கி அறுந்த சங்கிலி திரும்ப ஒட்டாது. பொரிந்த உருப்படியை உலர்த்திப் பயனில்லை, உலர்ந்த ரீலில் புதிதாக அடியுங்கள்.

கேள்வி (சிவகாசி, பாலிடெக்னிக் மாணவர்): ஏபிஎஸ் பிரிண்ட்டின் மூலைகள் மட்டும் மெஷினின் அடித்தட்டிலிருந்து எழும்புகின்றன. பசை, டேப் எல்லாம் போட்டாயிற்று. வாடை வேறு தலைவலி.

பதில்: ஏபிஎஸ் 105 டிகிரிக்கு அருகில் விறைத்துவிடுகிறது. அங்கிருந்து அறை வெப்பம் வரை இறங்குகிற தூரம் முழுக்க அது விறைப்பாகச் சுருங்குகிறது. கீழ் லேயர் முன்பே ஆறிக் கிடக்க, மேல் லேயர் சுருங்கி இழுக்கிறது; இழுவை மூலையில் வந்து சேர்கிறது. பசையால் இதைத் தீர்க்க முடியாது தம்பி. அடித்தட்டு 100, 110 டிகிரி, மெஷினைச் சுற்றி ஒரு பெட்டி, மின்விசிறி ஆஃப். வாடை ஸ்டைரீன். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளும் கூடவே வரும். ஆகவே அந்தப் பெட்டியின் காற்று ஜன்னலுக்கு வெளியே போக ஒரு குழாய் வையுங்கள். ஹாஸ்டல் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஏபிஎஸ் அடிப்பது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி (ஆத்தூர், சேலம் மாவட்ட விவசாயி): ஆமணக்கிலிருந்து நைலான் செய்து அதை 3டி பிரிண்டிங்குக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று என் மகள் சொல்கிறாள். நிஜமா? எங்களுக்கு விலை ஏறுமா?

பதில்: முதல் கேள்விக்கு நிஜம், அம்சமான நிஜம். இந்த இதழில் எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான் ஐயா.

ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். பதினெட்டுக் கார்பன் கொண்ட சங்கிலி; அதில் ஒன்பதாம் கார்பனில் ஒரு இரட்டைப் பிணைப்பு, பன்னிரண்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில். கடலையெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இந்த அமைப்பு கிடையாது. அதன் எஸ்டரைக் கடும் சூட்டில் பிளந்தால், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் சொல்லி வைத்தாற்போல வெட்டுகிறது. ஒரு பக்கம் பதினொரு கார்பன் துண்டு, மறுபக்கம் ஏழு கார்பன் கொண்ட ஹெப்டனால் என்ற ஆல்டிஹைடு. ஹெப்டனால் வாசனைத் திரவியக்காரர்களிடம் போய், பென்சால்டிஹைடோடு சேர்ந்து மல்லிகை மணம் தரும் ஒரு சரக்காகிறது. பதினொரு கார்பன் துண்டின் ஒரு முனையில் அமீனை ஏற்றி, முனையோடு முனை கோத்தால் நைலான் 11. பிரான்சில் 1940-களில் உருவானது. ரில்சான் என்ற பெயரில் விற்கிறது, இன்று ஆர்கெமா நிறுவனத்தின் கையில்.

இதைப் பொடியாக்கி லேசர் பிரிண்டிங்குக்குப் பயன்படுத்துகிறார்கள். பொடியைப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, மேலே அடுத்த பொடி லேயர். 1980-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்டு என்ற மாணவரும் அவர் ஆசிரியர் ஜோ பீமனும் கொண்டுவந்த முறை. இதற்கு நைலான் வகைகள் பொருந்துவதற்குக் காரணம், உருகும் வெப்பத்துக்கும் திரும்பப் படிகமாகும் வெப்பத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. இந்தத் துறையில் அதிகம் ஓடுகிற நைலான் 12 சுமார் 185 டிகிரியில் உருகும். ஆறும்போது 150 வாக்கில் வந்த பிறகே உறையும். நடுவில் 170-ல் பொடிப் படுகையை வைத்திருந்தால், உருகிய பகுதி உருகியபடியே அசையாமல் காத்திருக்கும். பக்கத்துப் பொடியும் உருகாது. கடைசியில் மொத்தமாக மெல்ல ஆறவிட்டால் மூலை எழும்பாது. சிவகாசித் தம்பிக்குக் கிடைக்காத கொடுப்பினை இது.

நைலான் 12 பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, அதுவும் சில ஆலைகளை மட்டும் நம்பி. 2012 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் ஆலையில், அதன் மூலப்பொருளான சைக்ளோடோடெகாட்ரயீன் செய்யும் பகுதி வெடித்தது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். கார்களின் எரிபொருள் குழாய், பிரேக் குழாய்க்கு அந்த நைலான் இல்லாமல் உலகக் கார் கம்பெனிகள் அமெரிக்காவில் அவசரக் கூட்டம் போட்டன. ஆமணக்குத் தோட்டம் அப்படி ஒரே நாளில் வெடிக்காது.

இனி விலை. உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதில் சிங்கப்பங்கு குஜராத்தில். விலை அங்கே உள்ள சந்தையில் முடிவாகிறது. 2016 முதல் ஆர்கெமாவும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து குஜராத் விவசாயிகளுக்கு ஆமணக்கு சாகுபடிப் பயிற்சி தரும் ‘பிரகதி’ என்ற திட்டத்தை நடத்துகின்றன. பிரிண்டிங் பொடிக்காக ஆத்தூர் விலை ஏறும் என்று நான் சொன்னால் அது பொய்வாக்கு. எண்ணெய் எடுக்கும் ஆலைக்கும் நைலான் பொடிக்கும் நடுவே ரசாயனப் படிகள் நிறைய, லாபமும் அந்தப் படிகளில்தான் தங்குகிறது. மகளைப் பாலிமர் படிக்க வையுங்கள் ஐயா. சென்னை கிண்டியில் 1968 முதல் சிபெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது.

கேள்வி (மதுரை, பல் ஆய்வகத் தொழிலாளி): ரெசின் பிரிண்டரில் பல் மாடல் அடிக்கிறேன். கையுறை போட்டும் விரலிடுக்கில் அரிப்பு, கொப்புளம். ஸ்பிரிட்டில் கழுவினால் இன்னும் எரிகிறது. ஓனர் “பழகிவிடும்” என்கிறார்.

பதில்: பழகாது. மோசமாகும். அதனால் இந்தப் பதிலை ஓனரிடமும் காட்டுங்கள்.

உங்கள் தொட்டியில் இருக்கும் ரெசின் என்கிற திரவம் அக்ரிலேட், மெத்தக்ரிலேட் என்ற சிறு மூலக்கூறுகள். 405 நானோமீட்டர் ஒளி பட்டதும், கூடவே கலந்திருக்கும் ஒளித்தூண்டி உடைந்து, அவற்றை ஒன்றோடு ஒன்று பின்னிக் கெட்டியாக்குகிறது. கெட்டியான பிறகு அவை வலைக்குள் மாட்டிய மூலக்கூறுகள், பெரிதாகத் தொல்லை தராது. திரவமாக இருக்கும்போது அவை தோலுக்குள் புகுந்து புரதங்களோடு பிணைந்துகொள்ளும். உடலின் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாகக் குறித்து வைத்துவிட்டால், அந்தக் குறிப்பு ஆயுளுக்கும் அழியாது. அப்புறம் துளி பட்டாலும் கொப்புளம். பல் அடைக்கிற பசையிலும் ஜெல் நகப்பூச்சிலும் இதே குடும்பம்தான். சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரின் பசையிலிருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட்டுக்கு ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியிருக்கிறது. அதாவது இன்று உங்கள் விரலில் ஆரம்பிப்பது நாளை உங்கள் வைத்தியத்துக்கே தடையாகலாம்.

நீங்கள் போடுவது மெல்லிய லேடெக்ஸ் கையுறை என்று நினைக்கிறேன். அதில் அக்ரிலேட் நிமிடங்களில் ஊடுருவும். நைட்ரைல் வாங்குங்கள், அதையும் ரெசின் பட்டதும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், காலையில் போட்டதை மாலைவரை ஓட்ட வேண்டாம். கையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவாதீர்கள். அது ரெசினைக் கரைத்துத் தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்து, உள்ளே போக வழி போட்டுக் கொடுக்கிறது. சோப்பும் தண்ணீரும் போதும். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போய் பேட்ச் டெஸ்ட் (எது ஒவ்வாமை தருகிறது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். எந்த ரெசின் என்று பாட்டில் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஓனருக்கு ஒரு வார்த்தை. பல ரெசின்களில் ஒளித்தூண்டியாக இருக்கும் டிபிஓ இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. நகப்பூச்சு உள்ளிட்ட அழகுப்பொருட்களில் 2025 செப்டம்பர் 1 முதல் அதற்குத் தடை. பிரிண்டர் ரெசினுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் கர்ப்பிணிப் பெண்ணை அந்த மேசையில் உட்கார வைக்கும் முன் யோசிக்க வேண்டியது முதலாளியின் கடமை. கழுவிய ஆல்கஹாலைச் சிங்க்கில் ஊற்றுவதும் கூடாது, “தண்ணீரில் கழுவலாம்” ரக ரெசினின் கழிநீரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெயிலில் வைத்தால் கலந்த ரெசின் கெட்டியாகி அடியில் இறங்கும். வடிகட்டி, கெட்டியைத் தனியே அப்புறப்படுத்துங்கள். ஆல்கஹால் பாத்திரத்தின் பக்கத்தில் நெருப்பு கூடாது.

கேள்வி (கோவை, நகை மாடல் செய்பவர்): ரெசின் உருப்படியை யூவி விளக்கில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மேல்தோல் பிசுபிசுப்பு போகவில்லை.

பதில்: காற்றில் உள்ள ஆக்சிஜன்தான் குற்றவாளி. ரெசினைப் பின்னுகிற தனியுறுப்புகளை (ஒளித்தூண்டி உடைந்து வரும் துடிப்பான துண்டுகளை) அது பிடித்துச் செயலிழக்க வைத்துவிடுகிறது; மேற்பரப்பில் ஆக்சிஜன் வந்துகொண்டே இருப்பதால் அங்கே மட்டும் வேலை முடிவதில்லை. நன்றாகக் கழுவி, ஆல்கஹால் முழுக்க உலர்ந்த பிறகு, உருப்படியை கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீருக்குள் மூழ்கவைத்து விளக்கில் காட்டுங்கள். பிசுக்கு போய்விடும்.

இந்தத் தொல்லையையே தொழிலாக்கியவர்கள் உண்டு. வட கரோலினாவின் ஜோசஃப் டிசிமோனும் கூட்டாளிகளும் 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முறையை வெளியிட்டார்கள். தொட்டியின் அடிச் சன்னலை ஆக்சிஜன் ஊடுருவும் ஃபுளூரோபாலிமரால் செய்தார்கள். சன்னலை ஒட்டி முடியிழைக்கும் மெல்லிசான ஒரு படலம் எப்போதும் கெட்டியாகாமலே இருக்கும். உருப்படி அடியில் ஒட்டாது. லேயருக்கு லேயர் பிய்த்தெடுக்கிற வேலை மிச்சம், ஒரே இழுப்பாக மேலே தூக்கலாம்.

கேள்வி (கோவை, பீளமேடு மெக்கானிக்): பழைய மாடல் சப்மெர்சிபிள் பம்ப்புக்கு நோரில் பிளாஸ்டிக் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கிடைப்பதில்லை. பிரிண்ட் பண்ணிப் போடலாமா? கார்பன் ஃபைபர் ஃபிலமென்ட் என்றால் தாங்குமா?

பதில்: வார்த்த இம்பெல்லரில் உருகிய பிளாஸ்டிக் அழுத்தத்தோடு அச்சு முழுக்க நிறைந்து, ஒரே உடலாக உறைகிறது. நீங்கள் அடிப்பதில் ஒவ்வொரு லேயரும் பாதி ஆறிய லேயர்மேல் போய் உட்காருகிறது. இரண்டும் ஒட்டவேண்டுமானால் மேல் லேயரின் சங்கிலிகள் எல்லையைத் தாண்டிக் கீழே போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டும். நெருக்கத்தில் மாட்டிய நீளச் சங்கிலியால் பக்கவாட்டில் நகர முடியாது. தன் உடல் கிடக்கிற தடத்திலேயே பாம்புபோல் தலையை நீட்டி ஊர்ந்துதான் போகும். பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர்-கில் த ஜென் 1971-ல் சொன்ன விளக்கம் இது. 1991-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஊர்ந்து முடிக்க நேரம் வேண்டும். நாசில் கடந்து போனதும் அந்த எல்லை சூடாக இருப்பது சில நொடிகளே. அதற்குள் கொஞ்சம் சங்கிலிகள்தான் தாண்டியிருக்கும். எனவே லேயருக்கு இணையாக இழுத்தால் தாங்குவது, லேயரைப் பிரிக்கிற திசையில் இழுத்தால் விட்டுவிடும்.

கார்பன் ஃபைபர் இதற்கு மருந்தாகாது. அந்தப் பொடி நார்கள் லேயருக்குள்ளேயே படுத்துக் கிடக்கும், எல்லையைத் தாண்டாது. விறைப்பு கூடும், லேயர் ஒட்டு கூடாது. போதாததற்குப் பித்தளை நாசிலை ராவித் தின்றுவிடும். கடினப்படுத்திய எஃகு நாசில் வாங்க வேண்டி வரும்.

அவசரத்துக்கு என்றால் ஏபிஎஸ்ஸில், இம்பெல்லரைப் படுக்கப் போட்டு, நாசில் சூட்டைக் கூட்டி, விசிறியைக் குறைத்து அடியுங்கள். சுழற்சியின் இழுவை லேயருக்குள்ளேயே விழும். பிளேடின் வேர் மட்டும் பலவீனமாகவே இருக்கும். பாலன்ஸ் பார்க்காமல் போடாதீர்கள். ஆனால் நீங்கள் இருப்பது கோவை! அதே பிரிண்ட்டை அச்செடுக்கும் பேட்டர்னாக வைத்து கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் வார்த்துக் கொடுக்க பக்கத்துத் தெருவில் ஃபவுண்டரி இருக்குமே. உலோகம் ஆறிச் சுருங்குவதற்காகக் கூட்ட வேண்டிய அளவு (சுருக்க அலவன்ஸ்) எவ்வளவு என்று பேட்டர்ன் மேக்கரைக் கேட்டு, அவ்வளவு பெரிதாக அடியுங்கள். கிணற்றுக்குள் இறக்குகிற சாமானுக்கு நான் அதைத்தான் நம்புவேன்.

கேள்வி (வேலூர் வாசகி): விபத்தில் அடிபட்ட தம்பிக்கு மண்டையோட்டில் ‘பீக்’ என்ற பிளாஸ்டிக் தகடு வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கை நம்பலாமா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நம் வாளி, குடம் வகையறா வேறு, இது வேறு. பென்சீன் வளையங்களை ஈதர், கீட்டோன் பாலங்களால் இணைத்த சங்கிலி. 343 டிகிரியில்தான் உருகும், ஆஸ்பத்திரி ஆவிக் கிருமிநீக்கம் அதற்குத் தூசு. விறைப்பில் உலோகத்தைவிட எலும்புக்கு நெருக்கம். சிடி ஸ்கேனில் உலோகத் தகடுபோல் நிழலடித்துப் படத்தைக் கெடுக்காது. இதன் நெருங்கிய உறவான ‘பெக்’கை லேசரால் பிரிண்ட் செய்த மண்டையோட்டுத் தகட்டுக்கு 2013-லேயே அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் அனுமதி தந்திருக்கிறது. வீக்கம், சிவப்பு, காய்ச்சல் ஏதாவது வந்தால் மட்டும் தாமதிக்காமல் அறுவை செய்தவரிடமே காட்டுங்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): மருமகன் பிரிண்டரில் கொழுக்கட்டை அச்சு செய்து தந்தார். பிள்ளையார் சதுர்த்திக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: பிஎல்ஏ பிசினால் பெரிய பயமில்லை. பயம் மூன்று இடத்தில். லேயருக்கு லேயர் இருக்கிற நுண்ணிய பள்ளங்களில் மாவு தங்கும்; எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுநாள் புளிக்கும். நிறத்துக்கு என்ன சாயம் சேர்த்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பித்தளை நாசிலில் சிறிது ஈயம் இருப்பதும் உண்டு. மேலும் கொதிநீர் ஊற்றிக் கிளறிய மாவைச் சுடச்சுட அழுத்தினால், திருநெல்வேலி ஸ்டாண்ட் கதிதான் அச்சுக்கும். மாவை ஆறவிட்டு, அச்சுக்குள் வாழையிலைத் துண்டை எண்ணெய் தடவி விரித்து அழுத்துங்கள். வரி கொஞ்சம் மழுங்கும், பிள்ளையார் கோபிக்க மாட்டார். அடுத்த வருஷத்துக்குப் புதிதாக அடித்துக்கொள்ளுங்கள், மருமகன் இருக்கிறாரே.

கேள்வி (காஞ்சிபுரம் வாசகர்): இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர் யார்? ஒரே பெயராகச் சொல்லுங்கள்.

பதில்: ஒரே பெயராகச் சொல்ல முடியாதே. ஜப்பானின் நாகோயாவில் ஹிடியோ கொடாமா 1981-ல் ஒளியால் ரெசினைக் கெட்டியாக்கும் முறையை எழுதி வெளியிட்டார். காப்புரிமை விண்ணப்பத்தைக் கெடுவுக்குள் முடிக்கவில்லை. 1984 ஜூலை 16-ல் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் விண்ணப்பித்தார்கள். அவர்கள் வேலை பார்த்த நிறுவனமே வியாபாரமில்லை என்று கைவிட்டது. மூன்றே வாரம் கழித்து ஆகஸ்ட் 8-ல் அமெரிக்காவின் சக் ஹல் விண்ணப்பித்து, 1986-ல் காப்புரிமை பெற்று, கம்பெனியும் தொடங்கினார். பாடப்புத்தகங்களில் இவர் பெயர். ஃபிலமென்ட் முறை ஸ்காட் கிரம்ப்புடையது: மகளுக்குத் தவளைப் பொம்மை செய்யப் பசைத் துப்பாக்கியில் ஆரம்பித்து, 1989-ல் கம்பெனியில் முடிந்தது. அவருடைய மூலக் காப்புரிமை 2009-ல் காலாவதியான பிறகே நம் வீடுகளுக்கு மலிவு மெஷின் வந்தது.

கேள்வி (அம்பத்தூர், சிறு பட்டறைக்காரர்): மூட்டை மூட்டையாக ஸ்கிராப் சேர்கிறது. அரைத்துத் திரும்ப ஃபிலமென்ட் இழுக்க முடியுமா?

பதில்: முடியும். மோல்டிங் கடைகளில் புதுச் சரக்கோடு ரீகிரைண்ட் (அரைத்த ஸ்கிராப்) கலப்பது நேற்று வந்த பழக்கமா? ஆனால் ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் சங்கிலி கொஞ்சம் அறும். நூற்றுக்கு நூறு ஸ்கிராப்பில் இழுத்தால் இழை நொறுங்கும், பருமன் அலையும். 1.75 மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு ஏறி இறங்கினாலே பிரிண்ட்டில் கோடு தெரியும். முக்கால் பங்கு புதுக் குருணை, கால் பங்கு ஸ்கிராப் என்று தொடங்கிப் பாருங்கள். அரைத்ததை உலர்த்தாமல் ஹாப்பரில் கொட்டாதீர்கள். அரைத்த துண்டுக்குப் பரப்பு அதிகம், ஈரமும் அதிகம் பிடிக்கும்.

பிஎல்ஏவும் பெட்ஜியும் ஏபிஎஸ்ஸும் ஒரே மூட்டையில் கிடந்தால் விட்டுவிடுங்கள். ஒன்று உருகும் சூட்டில் இன்னொன்று கருகும். உருகினாலும் எண்ணெயும் தண்ணீரும்போல் பிரிந்தே நிற்கும். பிவிசி ஒரு துண்டு விழுந்தால் போச்சு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பி எக்ஸ்ட்ரூடரின் ஸ்க்ரூவை அரித்துவிடும். மெஷின் பக்கத்திலேயே சரக்குக்கு ஒரு வாளி வைத்து, மேலே மார்க்கரில் பெயரை எழுதச் சொல்லுங்கள். பெயரில்லாத மூட்டையை நானும் வாங்க மாட்டேன்.